தீவன மூட்டைக்குள் இருக்கும் கடல்

விடியற்காலை நாலரை மணி. ஆக்சிஜன் மீட்டரின் கம்பியை ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறக்கிவிட்டுக் கரையில் குந்தியிருக்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் எண் மெதுவாக இறங்குகிறது. 5.1, 4.6, 4.2... கடைசியில் 3.9இல் நின்றது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 3.9 மில்லிகிராம். பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் வெயில் ஏறும்வரை, தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் துடுப்புச் சக்கரம் ஓடட்டும் என்று சுவிட்சைப் போட்டுவிட்டு அடுத்த குளத்துக்கு நடந்தேன்.

பதினாலு வருஷமாக மீன் பண்ணையில் இதுதான் என் விடியல். பகலில் குளத்துப் பாசி வெயிலைத் தின்று ஆக்சிஜனை விடும். மத்தியானம் அளந்தால் பத்து, பன்னிரண்டு கூடக் காட்டும். இரவில் வெயில் இல்லை, அதே பாசியும் ஆக்சிஜனை இழுத்து மூச்சு மட்டும்தான் விடும். மீனும் மூச்சு விடுகிறது, அடியில் மட்கிக்கொண்டிருக்கும் சேறும் ஆக்சிஜனை இழுக்கிறது. அதனால் கணக்கு மிக மோசமாக இருக்கும் நேரம் விடிவதற்குச் சற்று முன்புதான். மீன் சாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் மூன்று வருஷம் விசைப்படகில் இருந்தேன். இரண்டையும் பார்த்தவன் என்பதால் ஒரு கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். "பண்ணை மீனைச் சாப்பிட்டால் கடல் பிழைக்குமா?" கேட்பவர்களுக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை வேண்டும். ஒரு வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் படகு. இழுவலையை மேலே ஏற்றி, அதன் கடைசிப் பையான மடியின் முடிச்சை அவிழ்த்தால் தளம் முழுக்க ஒரு குவியல் சரியும். நாங்கள் தேடிப் போனது இறால். அந்தக் குவியலில் இறாலைப் பொறுக்கத்தான் மணிக்கணக்கில் குனிந்திருப்போம். மீதியெல்லாம் விரல் நீளக் குஞ்சுகள், கால் உடைந்த நண்டுகள், சங்கு, நட்சத்திர மீன், பெயர் தெரியாத எத்தனையோ. விற்க முடிந்ததைக் கூடையில் போட்டுவிட்டு மிச்சத்தைக் கழிசல் என்று ஒரு பக்கம் தள்ளுவோம். ஒரு முறை அந்தக் கழிசலில் என் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மீன் இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. வளர விட்டிருந்தால் கை நீளத்துக்கு வந்திருக்கும். எடுத்துக் கடலில் போட்டேன். மிதந்தது, நீந்தவில்லை. அந்தக் கழிசலும் வீணாகப் போவதில்லை, காய வைத்து அரைத்துத் தீவனமாக்குவார்கள் என்று படகில் சொல்வார்கள். யாருக்குத் தீவனம் என்று அப்போது நான் கேட்கவில்லை.

கடலில் பிடிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீனை எல்லோரும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஐந்நூறு வருஷம் பிடித்த மீன் அது. 1992 ஜூலையில் கனடா அரசு பிடிக்கக் கூடாது என்று தடை போட்டது. இரண்டு வருஷத்தில் மீன் திரும்பிவிடும் என்று நினைத்தார்கள். முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. வணிக மீன்பிடிப்பு அங்கே மறுபடி திறக்க 2024 ஆகிவிட்டது. அதுவும் பழைய அளவின் நிழலாகத்தான். உலகம் முழுக்க எடுத்துக்கொண்டால், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கண்காணிக்கும் கடல் மீன் இருப்புகளில் 1974இல் பத்தில் ஒன்று அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுக் கிடந்தது. 2021இல் அது நூற்றுக்கு 37.7.

அதனால் பண்ணைக்கு வந்தபோது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இங்கே கழிசல் இல்லை. போட்ட குஞ்சைத்தான் எடுக்கிறோம். கடலிலிருந்து ஒரு கை அளவைக்கூட எடுக்கவில்லை என்று மனதார நம்பினேன். இரண்டு வருஷம் அந்த நம்பிக்கை இருந்தது.

முதலில் ஓட்டை விழுந்தது ஓர் இரவில். அப்போது நான் வேலை பார்த்த பண்ணையில் குளத்துக்குத் தாங்குவதைவிட ஒன்றரை மடங்கு மீன் விட்டிருந்தார்கள். இரண்டு நாளாக மேகமூட்டம், பாசி சரியாக வேலை செய்யவில்லை. மீன் சரியாகத் தின்னவில்லை என்று தெரிந்தும் மாலைத் தீவனத்தைக் குறைக்காமல் போட்டோம். இரவு பத்து மணிக்கு அளந்தேன், நாலுக்கு மேல் இருந்தது, படுத்துவிட்டேன். மூன்று மணிக்குக் காவலுக்கு இருந்த பெரியவர் கதவைத் தட்டினார். "தம்பி, ஓடி வா, மீன் மேலே வந்து வாயைப் பொளக்குது." வெளியே வந்ததும் முதலில் காதில் விழுந்தது ஒரு சத்தம். தூரத்தில் மழை பெய்வதுபோலச் சளசளவென்று இருந்தது. டார்ச் அடித்தால் தண்ணீர் தெரியவில்லை, கண்ணுக்கு எட்டிய வரை வாய்கள். ஆயிரக்கணக்கான வெளிறிய வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. வாளியாலும் கையாலும் தண்ணீரை அடித்துக் கலக்கினோம். விடிந்தபோது நாலு டன் மீன் வயிறு காட்டி மிதந்தது.

இதுவரை நடந்தது எங்கள் நஷ்டம். அடுத்து நடந்ததுதான் என்னை இன்னும் விடவில்லை. குளத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மடையைத் திறந்து, அழுகல் வாடை அடிக்கும் அந்தப் பச்சைத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விட்டோம். திறந்தது நான்தான். மூன்றாம் நாள் வாய்க்காலோரம் நடந்தபோது நாங்கள் வளர்க்காத, யாருமே வளர்க்காத பொடி மீன்கள் புல்லில் ஒதுங்கிக் கிடந்தன.

மீனுக்கு நாம் போடும் தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் மீனின் சதையாகிறது. மீதி அம்மோனியாவாகவும் சாணமாகவும் தின்னாமல் கரைந்த துகளாகவும் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. வெளியே விட்டால் அது அங்கே உரம். பாசி பெருகும், அழியும், அழுகும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எங்கள் குளத்தில் ஒரு ராத்திரி நடந்ததை வாய்க்காலுக்கும் ஏற்றுமதி செய்திருந்தோம். இப்போது நான் இருக்கும் இடத்தில் வெளியேறும் தண்ணீர் முதலில் ஒரு வண்டல் குளத்தில் நாள்கணக்கில் நிற்கும். அதில் மீன் விடுவதில்லை. வெறும் செடியும் பாசியும்தான். லாபம் தராத குளம் எதற்கு என்று கேட்காத முதலாளி கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

சரி, இப்போது தீவன மூட்டைக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பது என் பழக்கம். பூஞ்சை பிடித்திருக்கிறதா, எண்ணெய் சிக்கடித்திருக்கிறதா என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் அப்படி முகர்ந்தபோது ஒன்று உறைத்தது. அந்த வாடை எனக்குப் பழக்கமானது. படகின் தளத்தில் கழிசல் காய்ந்த வாடை. மூட்டைமேல் அச்சடித்திருந்த பட்டியலில் இரண்டாவதாக இருந்தது மீன் தூள், கொஞ்சம் தள்ளி மீன் எண்ணெய். கடலை விட்டு வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். கடல் மூட்டையில் ஏறி எனக்கு முன்னால் பண்ணைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

உலகத்தில் பிடிக்கும் மீனில் வருஷத்துக்குச் சுமார் 1.7 கோடி டன் மனிதன் வாய்க்கு வராமல் தூளாகவும் எண்ணெயாகவும் ஆகிறது. நெத்திலி, மத்தி மாதிரிச் சின்ன மீன்கள்தான் அதில் அதிகம். இதன் தலைநகரம் பெரு. ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வரும் கடல் அது. பெரும்பாலான வருஷங்களில் அங்குள்ள நெத்திலிதான் உலகிலேயே அதிகம் பிடிபடும் ஒற்றை மீனினம். 1970இல் 1.2 கோடி டன்னுக்கு மேல் வாரினார்கள். 1972இல் எல் நினோ வந்து கடல் சூடாகி, ஏற்கெனவே அளவு மீறிப் பிடித்திருந்த மீன் கூட்டம் சரிந்தது. 1973இல் கிடைத்தது இருபது லட்சம் டன்னுக்கும் கீழே. மீனை நம்பியிருந்த கடற்பறவைகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அப்புறம் ஒழுங்கு வந்தது, ஒதுக்கீடு வந்தது. ஆனாலும் எல் நினோவுக்கு ஒழுங்கெல்லாம் தெரியாது. 2023இல் வலையில் குஞ்சுகளே அதிகம் வந்ததால் அந்த வருஷத்தின் முதல் பருவத்தை ரத்தே செய்துவிட்டார்கள். மீன் தூள் விலை எகிறியது. எங்கோ பசிபிக்கின் ஓரத்தில் கடல் சூடானால் என் குளத்து மீனின் சாப்பாடு மாறுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் நடப்பது இன்னும் வலிக்கிறது. செனகல், காம்பியா, மொரித்தானியா கரைகளில் மத்தி வகை மீன்தான் ஏழைகளின் புரதம். பெண்கள் புகை போட்டுப் பதப்படுத்தி உள்ளூரில் விற்பார்கள். மீன் தூள் ஆலைகள் வந்தபின் அதே மீனுக்கு ஆலை போட்டியாக நிற்கிறது. அந்தத் தூள் கப்பலேறி வேறு கண்டங்களில் வளரும் மீனுக்குப் போகிறது. பசித்தவன் தட்டிலிருந்து எடுத்துப் பண்ணை மீனுக்குப் போட்டுவிட்டு, அதைக் கடலுக்கு மாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் அதுவும் நியாயமில்லை. ஒரு கிலோ வளர்ப்பு மீனுக்கு எத்தனை கிலோ கடல் மீன் உள்ளே போகிறது என்று ஒரு கணக்கு உண்டு. தீவனம் போட்டு வளர்க்கும் இனங்களுக்கு 1997இல் அது சராசரியாக 1.9 என்றும், 2017இல் 0.28 என்றும் 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொன்னது. பெரிய இறக்கம்தான். ஆனால் சராசரி நிறைய மறைக்கும். அதைக் கீழே இழுப்பது கெண்டையும் திலேப்பியாவும். சால்மன், விலாங்கு போன்ற ஊனுண்ணிகளுக்கு அது இன்னும் ஒன்றுக்கு மேலேதான் இருந்தது. ஒரு கிலோ மீனை உண்டாக்க ஒரு கிலோவுக்கு மேல் மீன் செலவு. விலாங்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. பண்ணையில் முட்டையிட வைத்து வணிக அளவில் குஞ்சு எடுக்க இன்னும் வழி வரவில்லை. அதனால் கண்ணாடிபோல் இருக்கும் அதன் குஞ்சுகளைக் காட்டு நீரிலிருந்தே பிடித்து வந்து வளர்க்கிறார்கள். அதை வளர்ப்பு என்பதைவிடக் கொழுக்க வைப்பது என்பதே சரி.

நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990 வாக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு கடல் சரக்கு. 2020இல் அது 22 ஆக இறங்கியது. அந்த இடத்தைப் பிடித்தது சோயாவும் கடுகு வகை எண்ணெய்யும். சோயாவில் பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வருகிறது. அப்படியானால் கடலின் சுமையில் ஒரு பகுதியை, விளைநிலத்துக்காக அழியும் காட்டின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம். எனக்கு நம்பிக்கை தருவது வேறு இரண்டு. ஒன்று, தொட்டியில் வளர்க்கும் நுண்பாசியின் எண்ணெய். மீனில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு பெரும்பாலும் மீன் தானாகச் செய்வதில்லை. கடலில் பாசியில் உண்டாகி, அதைத் தின்ற சிற்றுயிர், அதைத் தின்ற சின்ன மீன் என்று ஏறி வருவது. பாசியிடமே நேராக வாங்கிவிட்டால் நெத்திலியை விட்டுவிடலாம். இன்னொன்று, உணவுக் கழிவில் வளரும் கருப்புப் படைவீரன் ஈயின் புழு. இரண்டுமே இன்னும் விலை அதிகம், அளவு குறைவு.

கெண்டைக் குளத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. சீனாவில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகச் செய்கிறார்கள். ஒரே குளத்தில் பல இனம். புல் கெண்டை கரைப்புல்லைத் தின்னும். பாதி செரித்த சாணமாக அது போடுவதே தண்ணீருக்கு உரம். அதில் பெருகும் பாசியை வெள்ளிக் கெண்டை செவுளால் வடிகட்டித் தின்னும். அடிச்சேற்றைக் கிளறித் தின்ன சாதாக் கெண்டை. ஒருவர் எச்சம் இன்னொருவர் சாப்பாடு. நல்ல குளத்தின் தண்ணீர் இளம்பச்சையாக இருக்கும். முழங்கை வரை கையை விட்டால் விரல் நுனி மங்கலாகத் தெரிய வேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் பாசி அதிகம், பளிச்சென்று தெரிந்தால் பாசி போதாது. மீட்டரெல்லாம் வருவதற்கு முன் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். நான் இன்னமும் பார்க்கிறேன். உலகில் வளர்க்கும் மீனில் பெரும்பங்கு இந்த மாதிரி நன்னீர்க் குளங்களில்தான் வளர்கிறது. இதழ்களின் அட்டையில் வருவது என்னவோ சால்மன்.

இந்தக் கெண்டையும் இடம் மாறினால் வேறு முகம் காட்டும். வெள்ளிக் கெண்டையையும் பெருந்தலைக் கெண்டையையும் 1970களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், குளத்துப் பாசியைக் கட்டுப்படுத்தலாம் என்று. அங்கிருந்து தப்பி மிசிசிப்பி ஆற்றில் பெருகி, உள்ளூர் மீன்களின் சாப்பாட்டையெல்லாம் வடிகட்டி எடுத்துக்கொண்டிருக்கின்றன. வேலி தாண்டாது என்று எந்தப் பண்ணையும் உறுதி சொல்ல முடியாது. கடலில் மிதக்கும் கூண்டுக்கு அது இன்னும் பொருந்தும். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கூண்டுத் தொகுதி உடைந்து சுமார் இரண்டரை லட்சம் அட்லாண்டிக் சால்மன் பசிபிக்கில் போய்விட்டன. விசாரித்தபோது, வலையைச் சுத்தம் செய்யாமல் விட்டதில் டன் கணக்கில் மட்டி ஒட்டிக்கொண்டு, நீரோட்டத்தின் இழுவையை வலை தாங்காமல் போனது தெரிந்தது. அடுத்த வருஷமே அந்த மாநிலம் அயல் இன மீனுக்குக் கூண்டு கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. வலை கழுவும் வேலையை ஒரு வாரம் தள்ளிப்போடலாமே என்று எனக்கும் தோன்றியதுண்டு. இந்தச் செய்தியைப் படித்தபின் தோன்றுவதில்லை.

கூண்டில் இன்னொரு தொல்லை கடல் பேன், மீனின் தோலில் ஒட்டிக்கொண்டு அதைத் தின்னும் ஒட்டுண்ணி. லட்சக்கணக்கான மீன் ஓரிடத்தில் இருந்தால் பேனுக்கு விருந்து. அந்த வழியாக ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் காட்டு சால்மன் குட்டிகள்மேல் ஏறிக்கொள்ளும். குட்டிக்குச் சில பேன்கள் போதும், செத்துவிடும். மருந்துக்குப் பேன் பழகிவிட்டது. இப்போது வெதுவெதுப்பான நீரில் மீனை முக்கி எடுக்கிறார்கள், மீனுக்கும் அது வாதைதான். ஆனால் அதே நார்வே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். 1987இல் அங்கே பண்ணை மீனுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் ஏறத்தாழ 48 டன். ஒவ்வொரு குட்டிக்கும் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். இன்று உற்பத்தி எத்தனையோ மடங்கு ஏறியும் மருந்து ஒரு டன்னைத் தாண்டுவதில்லை. செலவைப் பார்க்காமல் முறையை மாற்றினால் முடியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இதுதான்.

இறால் பண்ணைகளும் அலையாத்திக் காடுகளும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். 1980களிலும் 90களிலும் தாய்லாந்து, ஈக்வடார் கரைகளில் காட்டை வெட்டிக் குளம் வெட்டினார்கள். அந்த மண்ணில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமம் உண்டு. தோண்டிக் காற்றுப் பட்டதும் அது அமிலமாக மாறும். சில வருஷத்தில் குளம் புளித்துப்போகும், நோயும் வரும், விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். கடல் மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் ஒளிந்து வளரும் இடமே அந்த வேர்க்காடுதான். கடலைக் காப்பாற்ற வந்த குளம் கடலின் தொட்டிலைக் கவிழ்த்தது.

மட்டியும் சிப்பியும் கடற்பாசியும் இந்தப் பஞ்சாயத்துக்கே வருவதில்லை. அவற்றுக்கு மூட்டையே வேண்டாம். மட்டியும் சிப்பியும் கயிற்றில் தொங்கிக்கொண்டு கடல் நீரை வடிகட்டித் தின்னும். வளர்ந்த ஒரு சிப்பி நல்ல நாளில் நூறு லிட்டருக்கு மேல் வடிகட்டும். நீர் தெளிந்தால் கடற்புல்லுக்கு வெளிச்சம் கிடைக்கும். எனக்குக் கடலோரம் ஓர் இடம் கிடைத்தால் கயிறு கட்டி மட்டிதான் வளர்ப்பேன்.

2022இல் முதல் தடவையாக, வளர்த்த மீன், இறால், சிப்பி எல்லாம் சேர்ந்து, பிடித்ததைத் தாண்டியது. வளர்த்தது 9.44 கோடி டன், பிடித்தது 9.1 கோடி டன். இந்தச் செய்தி வந்த நாளில் என்னுடன் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த இரண்டாவது எண்ணை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1980களின் கடைசியிலிருந்து அது ஏறத்தாழ அங்கேயேதான் நிற்கிறது. நாங்கள் பல மடங்கு வளர்த்தும் கடலிலிருந்து எடுப்பது குறையவில்லை. மக்கள் தொகை ஏறியது, மீன் சாப்பிடுவது ஏறியது, அந்த ஏற்றத்தைத்தான் பண்ணை தாங்கியது. அதுவும் சின்ன விஷயமில்லை, பண்ணை இல்லாமல் போயிருந்தால் கடல்மேல் இன்னும் எத்தனை வலை விழுந்திருக்குமோ. ஆனால் வலை குறைய வேண்டுமென்றால் பிடிக்கும் அளவுக்குத் தனியாக வரம்பு போட்டாக வேண்டும். குளம் வெட்டினால் தானாகக் குறைந்துவிடாது.

அதனால் யாராவது கேட்டால் இப்போது நான் திருப்பிக் கேட்பது இவ்வளவுதான். என்ன மீன்? அது என்ன தின்றது? அது கழித்த தண்ணீர் எங்கே போனது? விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாலு பேர் கேட்டால் அவர் பண்ணையில் கேட்பார், பண்ணையில் என்னைப் போன்ற ஒருவன் மூட்டையைத் திருப்பிப் படிப்பான்.

இரண்டு மாதமாக ஆறு தொட்டியில் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருக்கிறேன். மூன்றில் வழக்கமான தீவனம், மூன்றில் மீன் தூள் இல்லாமல் புழுத்தூளும் சோயாவும் கலந்தது. முதல் வாரம் புதுத் தீவனத்தை வாயில் எடுத்துத் துப்பின. மூன்றாம் வாரத்திலிருந்து தட்டைக் காலி செய்கின்றன. போன எடையில் புதுத் தீவன மீன் சராசரியாகப் பதினொரு கிராம் பின்தங்கி இருந்தது. வியாழக்கிழமை மறுபடி எடை போடுகிறோம். அந்த இரவு என் கதவைத் தட்டிய பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். மீனைக் கையில் பிடித்தே எடை சொல்லுவார். தராசில் போடுவதற்கு முன் அவர் சொல்வதையும் நோட்டில் எழுதிக்கொள்வேன்.